நடையில் என் பாதி

வாம்மா. வீடு பாக்கத்தான வந்திருக்க? புரோக்கர் நாகு போன் பண்ணிச் சொன்னான், பதினோரு மணிக்கு ஒரு டீச்சரம்மா வருவாக, வீட்டைக் காட்டுங்கன்னு. காட்டுறேன். காட்ட மாட்டேன்னு சொல்ல நான் யாரு, குடியிருக்குறவதான? செருப்பை இங்கிட்டு ஓரமா விடு. அந்தப் பக்கம் விடாத, அது அவ பக்கம். இந்தப் பக்கம்தான் நம்ம பக்கம்.

உள்ள அப்புறமாப் போவோம். எங்க வீட்டுக்காரர் படுத்திருக்காரு. முழங்கால் ரெண்டும் போச்சு அந்த மனுசனுக்கு, இப்பத்தான் மாத்திரையைப் போட்டுட்டுக் கண்ணசந்தாரு. நீ இந்த நடையிலயே உக்காரு. பலகை இருக்குல்ல, நல்லா உக்காரு, ஒடியாது. தண்ணி வேணுமா? வேணாமா? சரி.

உனக்கு ஒளிவுமறைவு இல்லாம ஒண்ணு சொல்லிப்புடுறேன். இந்த வீட்டை நீ எடுத்தா, ஆனி முடியுறதுக்குள்ள நான் காலி பண்ணணும். நீ எடுக்கலைன்னு வையி, ஆடி பொறந்துரும். ஆடியில எவ வந்து புது வீட்டுல பால் காய்ச்சுவா? ஒருத்தியும் வர மாட்டா. அப்ப ஆவணி வரைக்கும் நான் இங்கதான். அதுக்குள்ள அந்த ஓனர் மனசு மாறாதா? மாறும். மாறணும். உனக்கு முன்னாடி மூணு பேரை நாகு கூட்டிட்டு வந்தான். மூணு பேரையும் நான் பேசியே அனுப்பிட்டேன். உன்னையும் அனுப்பிருவேன், கோவிச்சுக்காத. உனக்கு ஊர்ல நூறு வீடு. எனக்கு இது ஒண்ணுதான்.

வேற எங்க போறது சொல்லு. கீழ்வீடு எல்லாம் எங்க கைக்கு எட்டுற வாடகையில இல்ல. மாடி வீடு கிடைக்குது, இவரால ஏற முடியாது. மகன் ஓசூர்ல இருக்கான். ஒரு ரூம், ஒரு ஹால். மருமக "வாங்கத்தை, எங்க கூடவே இருங்க"ன்னு போன்ல சொன்னா. எப்படிச் சொன்னா தெரியுமா? பின்னாடி மிக்சி ஓடிக்கிட்டு இருக்கு, அதை நிப்பாட்டாமச் சொன்னா. அங்க போய் அவ எந்திரிக்கச் சொன்னா எந்திரிச்சு, அவ போடுற நேரத்துக்குச் சோறு தின்னு... என்னால ஆகாதும்மா. இருபத்திரெண்டு வருஷம் இந்த வீட்டுக்கு நான்தான் ராசா, நான்தான் மந்திரி.

எல்லாத்துக்கும் காரணம் அந்தா, அந்த எதுத்த கதவு. அபிநயான்னு பேரு. ஸ்கேன் சென்டர்ல வேலை. புருசன் வீடு வீடாப் பார்சல் கொண்டு போய்க் குடுக்குறவன். இப்ப ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்காக. இருந்தாலும் நான் இதே சத்தத்துலதான் பேசுவேன். எனக்கென்ன பயம்?

தை மாசம் குடி வந்தா. வந்த மொத நாளே பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் எனக்குக் கொண்டாந்து, "அக்கா, இனி நீங்கதான் எங்களுக்கு எல்லாம்"னா. பாத்தியா? எடுத்த எடுப்புலயே ஐஸ் வைக்கிறா. அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு, இது சரியில்லைன்னு.

ரெண்டு வீட்டுக்கும் பொதுவான இந்த நடை அப்ப எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. வாசக் கேட்டுல இருந்து கடைசிக் கொழா வரைக்கும் கன்னங்கரேல்னு இருக்கும். நான் இங்கதான் அடுப்பைப் போட்டு வெந்நீர் காய வைப்பேன், தேங்காச் செரட்டையும் மட்டையும் வச்சு. வெந்நீர் போட்டா புகை வரத்தான செய்யும், அதுக்கு நானா பொறுப்பு? அப்புறம் ஒரு பழைய இரும்புக் கட்டில், அவரு சைக்கிள், ஓடாத வாஷிங் மிஷின், நாலு சாக்குச் செரட்டை. எல்லாம் நம்ம சாமான். வீட்டுக்குள்ள இடம் இல்ல, நடையில கிடந்துச்சு. யாருக்கு என்ன தொந்தரவு?

பங்குனி பொறந்ததும் வந்து நிக்குறா. "அக்கா, சித்திரை வரப் போகுதுல்ல, இந்த நடையைக் கொஞ்சம் நல்லாப் பண்ணுவோமா? பெருசா செலவில்லக்கா, எங்ககிட்டயும் காசு இல்ல. இருக்குறதை வச்சே செய்யலாம். நீங்களும் நானும் சேந்து." எப்படி இருக்கு? இருபத்திரெண்டு வருஷமா நான் இருக்குற இடம் நல்லா இல்லைன்னு, ரெண்டு மாசம் முன்ன வந்தவ என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. நான் கேட்டேன், "ஏண்டி, வாடகை வீட்டுக்கு எவளாச்சும் பவுடர் பூசுவாளா? நாளைக்குப் போன்னா போகணும். நீ உன் பக்கத்துல என்ன கூத்து வேணாலும் அடி. என் பக்கத்துச் சுவத்துல உன் விரல் படக் கூடாது"ன்னேன். சரிக்கான்னு சொல்லிட்டு, தரையில நட்டநடுவுல சாக்பீஸ்ல ஒரு கோட்டைக் கிழிச்சா. கோடு கிழிக்கிறாளாம் எனக்கு! நான் சொன்னதுக்குத்தான் கிழிச்சா, இருந்தாலும் கிழிக்கலாமா?

ஓடாத வாஷிங் மிஷினுக்கு ரெண்டு காலு அவ பக்கம் இருந்துச்சு. "அக்கா, கொஞ்சம் நகட்டிக்கலாமா?"ங்கிறா. இந்த மனுசன், எந்திரிச்சு நடக்கவே ஆளு பிடிக்கணும், அவரு போய் ஒரு கை குடுத்து நகட்டி விடுறாரு. எதிரிக்கு! அன்னைக்கு அவருக்கு நான் ரசத்துல உப்புப் போடல.

அந்த ஞாயித்துக்கிழமை அவளும் அவ புருசனும் சேந்து சுவத்தைச் சுரண்டுனாக. சுண்ணாம்பை ஊற வச்சு, வெள்ளை அடிச்சாக. காலியான பெயிண்ட் டப்பாவுல ரோசாச் செடி, பாட்டில்ல மணி பிளாண்ட். கூடை ஒண்ணைக் கவுத்து, அதுக்குள்ள பல்பு. கூடைக்குள்ள கோழியை வைப்பாகன்னு கேள்விப்பட்டிருக்கேன், பல்பை வச்சு நான் பாத்ததில்ல. தரையில அவ பாதிக்குச் செவப்பு ஆக்சைடு பூசி, தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சா. சாயங்காலம் பல்பைப் போட்டதும் கூடை ஓட்டை வழியா வெளிச்சம் பூப்பூவா சுவத்துல விழுந்துச்சு. தெருவே நின்னு பாத்துச்சு. நானும் பாத்தேன். கதவிடுக்குல.

அதோட நின்னாளா? நிக்கல. வாசப்படி இருக்குல்ல, கேட்டுக்கு வெளிய. இருபத்திரெண்டு வருஷமா அங்க கோலம் போடுறது நான். மழையானாலும் வெயிலானாலும் நான். ஒரு நாள் காலையில கோலமாவைத் தூக்கிக்கிட்டுப் போறேன், படியில பெரிய படிக்கோலம், பெயிண்ட்ல! வெள்ளைப் பெயிண்ட்ல, ஓரத்துல செவப்பு வச்சு. காலால தேச்சுப் பாத்தேன், போகல. "யாரைக் கேட்டுடி இதைப் போட்ட?"ன்னு அவ கதவைத் தட்டுனேன். அவ தூக்கக் கலக்கத்துல வந்து என்ன சொல்றா தெரியுமா? "உங்களுக்குக் குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்குதுல்லக்கா. நாலு நாள் முன்னாடி படியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தீங்க, பாத்தேன். அதான் நேத்து ராத்திரி உக்காந்து போட்டேன்"ங்கிறா.

என் இடுப்பு வலிச்சா இவளுக்கு என்னங்கிறேன்? எனக்குக் கோலம் போட ஏலாதுன்னு தெருவுக்கே தண்டோரா போடுறாளா? இன்னைக்குக் கோலத்தைப் பிடுங்குனவ நாளைக்கு என் அடுப்பைப் பிடுங்க மாட்டாளா? நீயே சொல்லு. டீச்சர்தான நீ? நியாயம் தெரிஞ்சவதான?

அன்னைக்கே போனைப் போட்டேன் ஓனருக்கு. ஓனரு பேரு தெய்வேந்திரன், திருப்பூர்ல இருக்காரு. நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். என்னையத் தங்கச்சி மாதிரி வச்சிருந்த மனுசன். ஆறு வருஷமா அவரு இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல, வாடகை பேங்க்ல போயிரும். "அண்ணே, புதுசா வந்தவ உங்க வீட்டை நாசம் பண்றா. சுவத்துல, தரையில, படியில எல்லாம் கண்டதைப் பூசி வச்சிருக்கா. நீங்க ஒரு வாட்டி நேர்ல வந்து பாத்து அவளைக் காலி பண்ணச் சொல்லுங்க"ன்னேன். அவரு, "அப்படியா? அழகர் ஆத்துல இறங்கும்போது மதுரைக்கு வர்றோம், அப்படியே வந்து பாத்துர்றேன்"னாரு. மனசுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு எனக்கு. அன்னைக்குத்தான் நல்லாச் சாப்பிட்டேன்.

அதுக்கு மறுநாளு கரண்ட் மீட்டர் பாக்க ஒருத்தன் வந்தான். புதுப்பய. நடையில நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, "ஏம்மா, அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் குடோனா? குடோனுக்கு வேற ரேட்டு வருமே"ன்னு கேக்குறான்.

குடோனாம்! நான் குடியிருக்குற வீடு குடோனாம். பூக்காரி முத்துலட்சுமி அங்கன நின்னுக்கிட்டு இருந்தா, அவளுக்குச் சிரிப்பாணி தாங்கல. அவ சிரிச்சதை நான் இன்னும் மறக்கல. அவகிட்ட பூ வாங்குறதை அன்னையோட நிப்பாட்டிட்டேன்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. அண்ணன் வந்து நிப்பாரு. அங்கிட்டுப் பாத்தா பளபளன்னு, இங்கிட்டுப் பாத்தா கரி. யாரு நாசம் பண்ணதுன்னு கேப்பாரு. என்னையத்தான கேப்பாரு? விட மாட்டேன். அவ பாதியை விட என் பாதி ஒரு படி மேல இருக்கணும். இருந்தாத்தான் நான் வாயைத் தெறக்க முடியும். அன்னைக்கே முந்தானையை இழுத்துச் செருகிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டாரு. மில்லுல இருந்த காலத்துல இருந்தே அப்படித்தான். அவரு படுத்தபடியே சொன்னாரு, "வேணாம் ராசாமணி. தெய்வேந்திரன் ஒவ்வொரு வாட்டியும் வாடகையைக் கூட்டணும்னுதான் வந்தாரு. இந்த நடையைப் பாத்துட்டுத்தான் வாயைத் தெறக்காமப் போனாரு. அதை இப்படியே விடு"ன்னாரு. நெசந்தான், நான் இல்லைங்கல. முன்னெல்லாம் அண்ணன் வந்து மூக்குல கைக்குட்டையை வச்சுக்கிட்டு நிப்பாரு. அவரு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் ஆரம்பிச்சிருவேன். "பாருங்கண்ணே, சுவரு இருக்குற லட்சணத்தை. எலி ஓடுது. இதுல மனுசன் இருப்பானா?"ன்னு. அவரு, "சரி சரி, பாப்போம்"னு போயிருவாரு. பதினோரு வருஷம் ஒத்தப் பைசா கூட்டல.

அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அந்த நேரத்துல இந்த மனுசன் சொன்னது எனக்கு எப்படிப் பட்டுச்சுன்னா, அவளுக்கு வக்காலத்து வாங்குற மாதிரிப் பட்டுச்சு. "நீங்க சும்மா கிடங்க, உங்களுக்கு ஒரு எழவும் புரியாது"ன்னுட்டேன்.

பிறகு பாரு என் வேலையை! கட்டிலு, மிஷினு, சைக்கிளு எல்லாத்தையும் பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டேன். கட்டிலுக்குள்ள இருந்த பலகையை மட்டும் எடுத்து வச்சேன். இப்ப நீ உக்காந்திருக்கியே, அதுதான் அது. ரெண்டு பக்கமும் செங்கலை அடுக்கி மேல போட்டேன். சுவத்துக் கரியைச் சோப்புத்தூளு போட்டு, இரும்புக் கரண்டியால ரெண்டு நாள் சுரண்டுனேன். என் சித்தப்பா மகன் கோயில் வேலை பாக்குற கொத்தனாரு, மிச்சம் கிடந்த சுண்ணாம்பு ஒரு வாளி குடுத்தான். அதுல சொட்டு நீலம் ரெண்டு மூடி விட்டேன். தென்னை மட்டையைத் தட்டி நாரு பிரிச்சு, அதுலயே அடிச்சேன். அவ வெறும் வெள்ளைதான அடிச்சா? நான் வெள்ளைக்கு மேல காவிப் பட்டை இழுத்தேன், கோயில் மதிலு மாதிரி, ஒண்ணு விட்டு ஒண்ணு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கா இல்லையா, பாரு!

பழைய சுங்குடிச் சேலை ஒண்ணைக் கிழிச்சுக் கதவுக்குத் திரை. வளையல் எல்லாம் சும்மா கிடந்துச்சு, அதைக் கோத்துத் தோரணம். ஒடஞ்ச பிளாஸ்டிக் கொடத்தைப் பாதியா அறுத்து வெத்தலைக் கொடி வச்சேன். அதுவும் எதுத்த தெரு டெய்லரம்மா வீட்டுல ஓசியாக் கேட்டு வாங்குனது. மொத்தச் செலவு காவிப் பாக்கெட்டு, நீலம், நூலு, அவ்வளவுதான். அவளை விடக் கம்மியில முடிச்சேன். அதை நான் அவளுக்குக் கேக்குற மாதிரி நாலு பேருகிட்ட சொன்னேன்.

மேல் பட்டை இழுக்கும்போது ஏணி ஆடுச்சு. எனக்குக் கிறுகிறுன்னு வந்துருச்சு. திரும்பிப் பாத்தா அவ கீழ நின்னு ஏணியைப் பிடிச்சிருக்கா. வேலையில இருந்து வந்தவ, தோள்ல மாட்டுன பையைக் கூடக் கழட்டல. யாரு பிடிக்கச் சொன்னா? நான் பட்டை பட்டையா இழுத்து முடிக்கிற வரைக்கும் ரெண்டு மணி நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னா. நடுவுல, "அக்கா, அந்த மூலையில கொஞ்சம் விட்டுப் போச்சு"ன்னா. குத்தம் கண்டுபிடிக்கத்தான் நின்னிருக்கா, வேற எதுக்கு? நான் கீழ விழுந்தா பழி அவ மேல வரும்ல, அதுக்கும் சேத்துத்தான்.

சித்திரை ஒண்ணாந்தேதி நடை இருந்த இருப்பைப் பாத்திருக்கணும் நீ! ரெண்டு பக்கமும் மாவிலை. அவ பக்கம் பூப்பூவா வெளிச்சம், என் பக்கம் காவிப் பட்டை. போறவன் வாறவன் எல்லாம் கேட்டுக்குள்ள தலையை விட்டுப் பாத்துட்டுப் போறான். மூணாவது வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவுக இங்க வந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாக. என் பக்கத்துல நின்னுதான் நிறையப் பேரு எடுத்தாக. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.

அண்ணன் வந்தாரு. அழகரைச் சேவிச்சுட்டு, நெத்தியில நாமத்தோட, சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கேட்டைத் தெறந்தவரு அப்படியே நின்னுட்டாரு. செருப்பை வெளியவே கழட்டுனாரு. இருபத்திரெண்டு வருஷத்துல அவரு இங்க செருப்பைக் கழட்டி நான் பாத்ததில்ல. "இது நம்ம வீடாடி?"ன்னு அவுக சம்சாரத்துக்கிட்ட கேக்குறாரு. அந்தம்மா போனை எடுத்து மேலயும் கீழயும் படம் பிடிக்குது.

நான் வாயைத் தெறந்தேன், "அண்ணே, இவ என்ன பண்ணி வச்சிருக்கா பாத்தீகளா"ன்னு. அவரு அவ பக்கம் திரும்பவே இல்ல. என் பட்டையைத் தடவிப் பாத்துட்டு, "இது யாரு செஞ்சது?"ன்னாரு. அந்த இடத்துல நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். இருக்க முடியல. "இந்தப் பாதி பூராவும் நான்தாண்ணே! ஒத்த ஆளா! ஒரு ஆளு கூலி குடுக்கல!"ன்னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன்மா.

அவரு அந்தப் பலகையில உக்காந்தாரு. "ராசாமணி, வீடு இப்படி இருக்கும்னு எனக்கு இத்தனை நாளு தெரியாமப் போச்சே. நான் என்னமோ எலி ஓடுற இடம்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப இதை வெளிய விட்டா ரெண்டு மடங்கு குடுப்பான். நீயே குடுத்தாலும் சரி. இல்லைன்னா ஆனிக்குள்ள வேற இடம் பாத்துக்க"ன்னாரு. சிரிச்ச முகமாச் சொன்னாரு. அந்தம்மா இன்னும் படம் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அவளுக்குப் பதினோரு மாசப் பத்திரம் இருக்கு, அவளைத் தொட முடியாது. என்கிட்ட என்ன பத்திரம்? அண்ணன் தங்கச்சின்னு வாயால பேசுனதுதான் பத்திரம். அப்பப் பாரு, அவ குறுக்க வர்றா. "சார், அக்கா இல்லைன்னா இந்த நடை இப்படி இருக்காது சார். இந்த வயசுல அக்கா சுண்ணாம்புச் சட்டியோட ஏணியில நின்னாங்க. வேணும்னா எங்க வாடகையில கொஞ்சம் கூட்டிக்கோங்க. அவங்களை விட்டுருங்க"ன்னு சொல்லிட்டு அழுகுறா. கண்ணுல தண்ணி!

நடிப்பும்மா. சுத்த நடிப்பு. என்னையக் கிளப்பி விட்டுட்டு ஓனருகிட்ட நல்ல பேரு எடுக்குறா. இல்லைன்னா வாடகையைக் கூட்டிக்கோன்னு எவளாச்சும் சொல்வாளா? அன்னையில இருந்து நான் அவகூடப் பேச்சு வச்சுக்கிறதில்ல. தினமும் என் கதவுகிட்ட ஏதாச்சும் கிண்ணத்தை மூடி வச்சுட்டுப் போறா, இவருக்குக் கஞ்சி, கால்வலிக்கு மூலிகை எண்ணெய்னு. கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அவ வாசல்ல வைக்கிறேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள.

இப்பப் புரியுதா? இந்த வீடு வேணாம்மா உனக்கு. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், அதுவும் நூல் மாதிரி. பின்னாடி சாக்கடை, கொசு ஆளைத் தூக்கிட்டுப் போயிரும். கோடையில உள்ள இருந்தா வேர்த்து ஊத்தும். எதுத்தாப்புல அவ வேற. ஊரு ஒலகத்துல வேற வீடே இல்லையா? படிச்சவ நீ, நல்ல இடமாப் பாரு.

என்ன?

இருட்டா இருக்கா? எங்கம்மா இருட்டு? காலையில ஏழு மணிக்கு வந்து பாரு, கேட்டு வழியா வெயிலு உள்ள வந்து அந்தக் கொழா வரைக்கும் போகும். வீட்டுக்குள்ள லைட்டே போட வேணாம், உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கலாம். நீ உச்சியில வந்து நின்னுக்கிட்டு இருட்டுங்கிற.

குறுகலா? நாலு பேரு தோளோட தோள் உரசாமப் போகலாம் இதுல. என் மகன் கல்யாணத்துக்கு இந்த நடையில பந்தி போட்டேன், தெரியுமா?

என்னது... பட்டை பாக்கப் பழசா இருக்கா? டைல்ஸ் ஒட்டணுமா? ஏம்மா, வாய்க்கு வந்ததைப் பேசாத! இதை என் கையால இழுத்தேன். டைல்ஸ் ஒட்டி ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கப் போறியா? சுண்ணாம்புச் சுவருக்கு உள்ள இருக்குற குளிர்ச்சி உனக்கு எந்த டைல்ஸ்ல கிடைக்கும்? கையை வச்சுப் பாரு. இந்தா, வை. இந்தச் சித்திரை வெயில்ல கூட நாங்க மத்தியானம் இங்கதான் பாயைப் போட்டுப் படுத்தோம். வேர்வையா? யாரு சொன்னா? நான் சொன்னேனா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தண்ணியா? தண்ணி இந்தத் தெருவுல இந்தக் கொழாவுலதான் மொதல்ல வரும். மத்த வீட்டுக்காரி எல்லாம் கொடத்தைத் தூக்கிக்கிட்டு இங்கதான் வந்து நிப்பா. பருப்பு அரை மணியில வெந்துரும், அப்படித் தண்ணி. இருபத்திரெண்டு வருஷம் குடிச்சவ சொல்றேன்.

எதுத்த வீட்டுக்காரியா? அவளுக்கு என்ன குறைச்சல்? அர்த்தமில்லாமப் பேசாத. அவளைப் பேசுறதுன்னா நான் பேசுவேன், நீ யாரு பேச? உனக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் படுத்துப் பாரு, கதவைத் தட்டிக்கிட்டு மொத ஆளா அவதான் வந்து நிப்பா. கஞ்சியை ஆத்திக் கையில குடுப்பா. அப்படி ஒரு பக்கத்து வீடு நீ காசு குடுத்தாலும் வாங்க முடியாது. இந்த ரோசாவைப் பாரு, எப்படி வச்சிருக்கா. செடியை இப்படி வச்சிருக்குறவ மனுசரை எப்படி வச்சிருப்பா? வீட்டைக் குறை சொல்றதுக்கு மொகத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா! பிடிக்கலைன்னா போயேன். இந்த மாதிரி வீடு மதுரையில எங்க இருக்குன்னு நானும் பாக்குறேன்.

என்ன?

என்ன சொன்ன?

...எடுத்துக்கிறியா? நாகுவுக்கு இப்பவே போன் பண்றியா?

இல்ல... நான் என்னத்தைச் சொல்லி... அந்த டைல்ஸு... சும்மாச் சொன்னியா? நான் என்ன சொல்றேன்னு பாக்கச் சொன்னியா? ஆத்தி. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளையும் இப்படித்தான் பேச வைப்பியா?

இருங்க, வாறேன்! தண்ணிதான? கொண்டாறேன்! யாருமில்ல, சும்மா ஒரு அம்மா, விலாசம் கேட்டு வந்திருக்காக. நீங்க படுங்க.

எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சுட்டாரு. ஏம்மா... போனைத் தெருவுல போய்ப் பேசு. கேட்டை இழுத்துச் சாத்திட்டு, கொஞ்சம் தள்ளியே நின்னு பேசு. அவருக்கு இப்பவே கேட்டுற வேணாம். நான் மெதுவாச் சொல்லிக்கிறேன்.